வீட்டுக்கு டெஸ்க்டாப் வாங்குமுன் கொட்டேஷனைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வீட்டு உபயோகத்துக்கு ஒரு சிஸ்டம் வேண்டும் என்று கடையில் கேட்டால் கிடைக்கும் கொட்டேஷன் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 22 இன்ச் எல்இடி, கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ், கீபோர்டு மவுஸ், வைஃபை." கீழே ஒரு மொத்த விலை. அதுவும் கைக்கு அடக்கமாகவே இருக்கும். ஆனால் இதில் ஒரு பாகத்தின் முழுப் பெயர்கூட இல்லை. ஐ7 எந்தத் தலைமுறை, ராம் டிடிஆர்3-ஆ டிடிஆர்4-ஆ, எஸ்எஸ்டி எந்த கம்பெனி, எஸ்எம்பிஎஸ் (கரண்டை மாற்றிப் பாகங்களுக்குக் கொடுக்கும் பவர் சப்ளை) யார் தயாரிப்பு என்று எதுவும் தெரியாது. ஏமாற்றம் நடக்கும் இடங்களும் சரியாக இவைதான்.

வீட்டு உபயோகம் என்று இங்கே சொல்வது பிரௌசர், யூடியூப், பிள்ளைகளின் பாடம், வேர்டு, எக்ஸெல், போட்டோ சேமிப்பு, பேங்க் வேலை, அரசு விண்ணப்பங்கள், வீடியோ கால், தேவைப்பட்டால் சிறு கடையின் டாலி கணக்கு. பெரிய கேம்களும் 4கே வீடியோ எடிட்டிங்கும் இதில் சேராது. அவற்றுக்குக் கணக்கே வேறு. மேலே சொன்ன வேலைகளுக்கு நல்ல எஸ்எஸ்டி, போதுமான ராம், நம்பகமான எஸ்எம்பிஎஸ், கண்ணை வருத்தாத மானிட்டர் ஆகிய நான்கும் அமைந்தால் போதும். பிராசசர் நடுத்தரமாக இருந்தால் எந்தக் குறையும் வராது. ஆனால் பலரும் பிராசசர் பெயருக்கு மயங்கி, மற்ற நான்கிலும் மலிவு சரக்கை வாங்கிவிடுகிறார்கள்.

பிராசசர்: பெயரைவிட எண் முக்கியம்

ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் இருக்கும் படிகள் மட்டுமே. தலைமுறை எது என்பதை அதன் பின்னால் வரும் எண்தான் சொல்லும். ஐ7-2600 என்றால் முதல் இலக்கம் 2, அதாவது இரண்டாம் தலைமுறை, 2011-இல் வந்தது. ஐ3-12100 என்றால் முதல் இரண்டு இலக்கம் 12, பன்னிரண்டாம் தலைமுறை, 2022-இல் வந்தது. இரண்டிலும் 4 கோர் (கணக்கிடும் தனித்தனி மூளைகள்), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்)தான். ஆனால் ஒரு கோரின் வேகத்தை மட்டும் ஒப்பிட்டால் அந்த ஐ3, பழைய ஐ7-ஐப்போல ஏறக்குறைய இரு மடங்கு. மின்சாரமும் குறைவாகவே எடுக்கும்: ஐ7-2600-இன் அளவு 95 வாட், ஐ3-12100-க்கு 60 வாட்.

மிகக் குறைந்த விலையில் "ஐ7 சிஸ்டம்" என்று இணையத்திலும் கடைகளிலும் விற்பதில் பெரும்பகுதி இந்த இரண்டாம், மூன்றாம் தலைமுறைதான். அலுவலகங்கள் கழித்துப் போட்ட பழைய பிராசசரை, புதிதாகத் தயாரித்த எச்61 என்ற பழைய வகை மதர்போர்டில் பொருத்தி, பளபளக்கும் புதுக் கேபினெட்டுக்குள் வைத்துக் கொடுக்கிறார்கள். பெட்டி புதிது, உயிர் பழசு. இதில் என்ன சிக்கல்? முதலாவது யூடியூப். இன்றைய யூடியூப் வீடியோக்கள் விபி9, ஏவி1 என்ற முறைகளில் சுருக்கப்பட்டு வருகின்றன. இவற்றை விரிக்கும் தனிச் சுற்று அந்தக் காலத்துப் பிராசசர்களில் கிடையாது. எனவே வேலை முழுவதும் கோர்களின் தலையில் விழும். வீடியோ ஓடும்போது ஃபேன் இரையும், பக்கத்து டேப் திணறும். இன்டெல்லில் விபி9-க்கான சுற்று ஏழாம் தலைமுறையிலும் ஏவி1-க்கானது பதினொன்றாம் தலைமுறையிலும் வந்து சேர்ந்தன. இரண்டாவது சிக்கல் விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, இன்டெல்லில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், ஏஎம்டியில் ஏறத்தாழ ரைசன் 2000 வரிசை அல்லது அதற்கு மேல், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழையதில் குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுப்பார்கள். இன்று ஓடும், நாளை வரும் பெரிய அப்டேட் அதில் ஏறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

எதை வாங்கலாம்? இன்டெல்லில் ஐ3-12100 அல்லது அதன் அடுத்த வடிவங்களான ஐ3-13100, ஐ3-14100 வீட்டுக்குத் தாராளம். ஆறேழு வருஷம் மாற்றாமல் ஓட்ட வேண்டும், டாலியும் முப்பது டேபும் ஒன்றாகத் திறந்திருக்கும் என்றால் 6 கோர் உள்ள ஐ5-12400. ஏஎம்டியில் ரைசன் 5 5600ஜி நல்ல தேர்வு. 6 கோர், உள்ளேயே ஓரளவு வலுவான கிராபிக்ஸ். ஏவி1 விரிப்புச் சுற்று அதில் இல்லை, ஆனால் கோர்களுக்கு வலு இருப்பதால் சாதாரண எச்டி வீடியோவில் அந்தக் குறை தெரியாது. இன்டெல் தன் புதிய வரிசையில் "ஐ" எழுத்தையே எடுத்துவிட்டு "கோர் அல்ட்ரா" என்று பெயரிடுகிறது. நல்ல சரக்குதான். இந்த வேலைகளுக்கு அவ்வளவு செலவு அவசியமில்லை.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் பாருங்கள். இன்டெல்லில் 12100எஃப், 12400எஃப் என்று "எஃப்" வந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5 5600-இல் "ஜி" இல்லாவிட்டாலும் அப்படித்தான். விலை கொஞ்சம் குறைகிறதே என்று அதை வாங்கினால், மானிட்டரில் படம் வர ஒரு கிராபிக்ஸ் கார்டு தனியாக வாங்க வேண்டும். அப்போது கடையில் தள்ளிவிடுவது பெரும்பாலும் ஜிடி 710 மாதிரியான பழைய கார்டு. அதற்கு விபி9 விரிக்கத் தெரியாது. பிராசசரோடு சும்மா வரும் கிராபிக்ஸே அதைவிட மேல்.

பிரௌசர், வேர்டு, வீடியோ கால் மட்டும்தான், மேஜையில் இடமும் இல்லை என்றால் என்100 பிராசசர் போட்ட மினி பிசியையும் யோசிக்கலாம். 6 வாட் வகைச் சிப் என்பதால் சூடும் சத்தமும் குறைவு. ஆனால் பெரும்பாலான மாடல்களில் ராமுக்கு ஒரே இடம்தான். சிலவற்றில் ராம் போர்டோடு ஒட்டியே வரும், பிற்பாடு கூட்ட முடியாது.

ராம்

விண்டோஸ் 11 திறந்து சும்மா நின்றாலே 3 முதல் 4 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸும் தன் பங்கை இதிலிருந்தே எடுக்கும். பத்துப் பதினைந்து டேபோடு குரோம் திறந்து, பக்கத்தில் வீடியோ கால் ஓடினால் 8 ஜிபி நிரம்பிவிடும். நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் வைத்து எடுக்க ஆரம்பிக்கும். "சிஸ்டம் ஹேங் ஆகிறது" என்று வீட்டில் சொல்வது பல நேரம் இதைத்தான். ஆக 16 ஜிபி இருந்தால் நிம்மதி. 2025 கடைசியில் ராம் விலை கடுமையாக ஏறியது. பட்ஜெட் இடிக்கிறது என்றால் இப்போதைக்கு 8 ஜிபி ஒரே ஸ்டிக்காக வாங்கி, இன்னொரு ஸ்லாட்டைக் காலியாக விட்டு, விலை இறங்கியதும் அதே அளவில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

16 ஜிபியை 8-உம் 8-உமாக இரண்டு ஸ்டிக்கில் போடுவதுதான் சரி. இரண்டு பாதையிலும் தரவு ஓடும். உள் கிராபிக்ஸை நம்பியிருக்கும் சிஸ்டத்தில், குறிப்பாக 5600ஜி-யில், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டாக இருந்தால் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி 2-வதிலும் 4-வதிலும் செருக வேண்டும். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் நடு வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒன்று மற்றதில் ஏறாது. மேலே சொன்ன இன்டெல் பிராசசர்களுக்கான எச்610 மதர்போர்டு இரண்டு வகையிலும் விற்கிறது, பில் போடுமுன் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் மிஞ்சினால் எஸ்எஸ்டிக்குக் கொடுங்கள்

பழைய ஹார்டு டிஸ்கில் ஒரு ஃபைலைத் தேடி எடுக்க, தலை நகர்ந்து தட்டு சுழன்று சரியான இடத்துக்கு வர வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் 10 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை, 0.1 மில்லிசெகண்டு அளவில் வேலை முடியும். விண்டோஸ் திறக்கும்போது படிப்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை. ஹார்டு டிஸ்கில் மூன்று நிமிடம் இழுக்கும் சிஸ்டம் எஸ்எஸ்டியில் அரை நிமிடத்துக்குள் தயாராவதற்குக் காரணம் இதுதான்.

எஸ்எஸ்டியில் இரண்டு வகை. கேபிளில் மாட்டும் சாட்டா வகை நொடிக்கு 550 எம்பி அளவில் நிற்கும். மதர்போர்டில் நேராகச் செருகும் என்விஎம்இ வகை 3,500 எம்பிக்குப் போகும், புதியவை 7,000-ஐயும் தாண்டும். வீட்டு வேலையில் இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் தெரியாது. ஹார்டு டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவதுதான் பெரிய தாவல். விலையும் நெருக்கமாக இருப்பதால் என்விஎம்இ வாங்கலாம், கேபிள் தொல்லையும் மிச்சம். 7,000 எம்பி வேகத்துக்காகக் கூடுதல் காசு வேண்டாம். எச்610 போர்டின் எம்.2 ஸ்லாட்டில் பொதுவாக அந்த வேகம் கிடைக்கவும் செய்யாது.

512 ஜிபி வாங்கினால் விண்டோஸ் 476 என்றுதான் காட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தால் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024-ஆல் கணக்கிடுகிறது. திருட்டு எதுவும் இல்லை. 256 ஜிபியும் ஓடும், ஆனால் போனிலிருந்து போட்டோ இறக்க ஆரம்பித்தால் ஒரு வருஷத்தில் சிவப்புக் கோடு வந்துவிடும். பெயரே கேள்விப்படாத எஸ்எஸ்டி வேண்டாம். முதல் சில ஜிபி வேகமாக ஏறி, பிறகு ஹார்டு டிஸ்கைவிட மெதுவாகும் சரக்கு அதில் நிறைய. எஸ்எஸ்டி கெட்டால் பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் கெடும். போட்டோக்களுக்கு 1 டிபி வெளி ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி இருக்கட்டும்.

வீட்டில் ஏற்கெனவே ஐந்தாறு வயதான சிஸ்டம் இருக்கிறதா? புதிது வாங்குமுன் அதில் ஒரு எஸ்எஸ்டியும் கூடுதல் ராமும் போட்டுப் பாருங்கள். எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ என்றால் இன்னும் சில வருஷம் தாங்கும். அதற்குக் கீழே என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றி, இலவச லிப்ரே ஆபீஸோடு பிள்ளைகளின் படிப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

மதர்போர்டைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். மேலே சொன்ன இன்டெல் பிராசசர்களுக்கு எச்610, 5600ஜி-க்கு ஏ520 வகை போதும். எச்டிஎம்ஐ இருக்கிறதா, எம்.2 ஸ்லாட் இருக்கிறதா, ராமுக்கு இரண்டு ஸ்லாட் உண்டா என்று பாருங்கள். 13, 14-ஆம் தலைமுறைப் பிராசசரை நெடுநாள் ஸ்டாக்கில் கிடந்த எச்610 போர்டில் போட்டால் பயாஸ் (மதர்போர்டுக்குள் இருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட் செய்யாமல் திரையே வராது. அதைக் கடையிலேயே செய்து வாங்கிவிடுங்கள்.

எஸ்எம்பிஎஸ், எர்த், இன்வெர்ட்டர்

"கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்" என்ற சொல்லைக் கண்டால் நிறுத்திக் கேளுங்கள். கேபினெட்டோடு சும்மா வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரில் 450 வாட் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருக்கும் பாகங்கள் அதில் பாதியைத் தாங்கினாலே பெரிது. கையில் தூக்கிப் பார்த்தாலே பொய் தெரியும், அவ்வளவு லேசாக இருக்கும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஐ3 சிஸ்டம் சும்மா இருக்கும்போது 30, 40 வாட்டும் முழு வேகத்தில் 100 வாட்டை ஒட்டியும்தான் எடுக்கும். எனவே வாட் எண்ணிக்கை இங்கே பெரிய கவலை இல்லை. கவலை, வோல்டேஜ் ஏறி இறங்கும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்பது. மட்டமான எஸ்எம்பிஎஸ் சாகும்போது மதர்போர்டையும் எஸ்எஸ்டியையும் சேர்த்துக் கொண்டுபோகும். மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரையோடு, தெரிந்த கம்பெனியின் 400 அல்லது 450 வாட் எஸ்எம்பிஎஸ் தனியாக வாங்குங்கள். மொத்த பில்லில் இதைவிடப் பயனுள்ள கூடுதல் செலவு இல்லை.

கேபினெட்டின் இரும்பில் கை பட்டதும் சுருக்கென்று மெல்லிய ஷாக் அடிக்கிறது என்று பல வீடுகளில் சொல்வார்கள். சிஸ்டத்தில் கோளாறு இல்லை, வீட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் பேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் இரும்பு உடலுக்குச் சின்ன கப்பாசிட்டர்கள் போகும். அவை கசியவிடும் மின்சாரம் எர்த் கம்பி வழியே இறங்க வேண்டும். எர்த் இல்லாவிட்டால் அந்த உடல் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில், சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். ஆம்பியர் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு நிற்கிறது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது எச்டிஎம்ஐ கேபிளோ பிரிண்டர் கேபிளோ செருகினால் போர்ட் எரிய இதுவே போதும். எலக்ட்ரீஷியனை வைத்துப் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள்; பேஸ்-நியூட்ரல் காட்டும் அளவையே ஏறத்தாழ காட்ட வேண்டும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகுவதை அன்றோடு விட்டுவிடுங்கள்.

கரண்ட் போனால்? வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று யுபிஎஸ் வாங்காமல் விடுபவர்கள் பலர். பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்களில் ஒரு ஸ்விட்ச் இருக்கும்: "யுபிஎஸ் மோட்", "நார்மல் மோட்" அல்லது "எக்கோ". யுபிஎஸ் மோடில் சுமார் 10 மில்லிசெகண்டில் பேட்டரிக்கு மாறும். மற்றதில் 40 வரை எடுக்கலாம். நல்ல எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் 16, 17 மில்லிசெகண்டு வரை மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஃபேன், லைட் எல்லாம் தொடர்ந்து ஓட, கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது. அந்த ஸ்விட்சை மாற்றினால் பல வீடுகளில் பிரச்சினை தீரும். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருப்பது நல்லது. ஸ்கொயர் வேவ் கொடுத்தால் சில நல்ல எஸ்எம்பிஎஸ்கள் ஒத்துழைக்காமல் அணைந்துவிடும்.

இன்வெர்ட்டர் இல்லாவிட்டால் 600 விஏ யுபிஎஸ் போதும். 360 வாட் வரை தாங்கும். உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி. வேலையைச் சேமித்து நிறுத்த 15 நிமிடமாவது கிடைக்கும். பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் மாற்ற வேண்டிவரும். லேசர் பிரிண்டரை மட்டும் யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். பேப்பரைச் சூடாக்கும் அந்த நொடியில் அது இழுக்கும் கரண்ட் யுபிஎஸ்ஸை விழவைக்கும்.

மின் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். மானிட்டரோடு சேர்த்து 70 வாட் என்று வைத்து, நாளுக்கு 5 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 21 யூனிட்.

மானிட்டர்

"22 இன்ச் எல்இடி" என்றால் எத்தனை பிக்சல் என்று கேளுங்கள். 1920-க்கு 1080-க்குக் கீழே வேண்டாம். மலிவான 18.5 இன்ச் மானிட்டர்கள் 1366-க்கு 768-இலேயே நின்றுவிடும், ஒரு எக்ஸெல் ஷீட் முழுதாகத் தெரியாது. ஐபிஎஸ் பேனல் என்று எழுதியிருக்க வேண்டும். பிள்ளைகள் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் நிறம் மாறாது. அளவு 21.5 அல்லது 23.8 இன்ச். அதே பிக்சலை 27 இன்சில் பரப்பினால் ஓர் இன்ச்சுக்கு 92-ஆக இருந்தது 82-ஆகக் குறையும், எழுத்தின் விளிம்பு கரகரக்கும். தமிழ் எழுத்தில் மெய்யின் புள்ளியும் இகர, ஈகாரச் சுழிகளும் சின்னவை என்பதால் அது இன்னும் சீக்கிரம் கண்ணில் உறுத்தும். இணைப்புக்கு எச்டிஎம்ஐ கேபிள்தான். பழைய நீலத் தலை விஜிஏ கேபிள் எழுத்தை மங்கலாக்கும்.

மற்றவை சுருக்கமாக. மலிவு மதர்போர்டுகளில் வைஃபை கிடையாது. ரூட்டர் பக்கத்தில் இருந்தால் லான் கேபிளே மேல், இல்லாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கும் யுஎஸ்பி டாங்கிள் வாங்குங்கள். தமிழில் தட்டச்சு செய்யத் தனிக் கீபோர்டு வேண்டாம். தமிழ் 99 விண்டோஸ் 11-இல் உள்ளேயே இருக்கிறது, மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் வந்துவிடும். கேபினெட்டைக் கதவு மூடிய மேஜைப் பெட்டிக்குள் தள்ளாதீர்கள், சுவரிலிருந்து நான்கு விரற்கடை இடம் விடுங்கள். பின்பக்க ஸ்லாட் தகடுகள் எதுவும் திறந்திருக்கக் கூடாது. பல்லி உள்ளே போய் எஸ்எம்பிஎஸ்ஸில் ஷார்ட் ஆவது நம் ஊரில் நடக்கிற விஷயம்.

பில்லும் சோதனையும்

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் உள்ளூர்க் கடையில் வாங்கினாலும் கொட்டேஷன் இந்த மாதிரி வர வேண்டும்: இன்டெல் ஐ3-12100, பாக்ஸ் பேக், டிடிஆர்4 வகை எச்610 மதர்போர்டு (கம்பெனியும் மாடலும்), 8 ஜிபி டிடிஆர்4 3200 ராம் இரண்டு, 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (கம்பெனியும் மாடலும்), 450 வாட் 80 பிளஸ் பிரான்ஸ் எஸ்எம்பிஎஸ் (மாடல்), 23.8 இன்ச் ஐபிஎஸ் 1080 மானிட்டர் (மாடல்). ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொன்றுக்கும் சீரியல் நம்பர். அசெம்பிள் சிஸ்டத்தில் வாரன்டி பாகம் பாகமாகத்தான் வரும். பாக்ஸ் பிராசசருக்கு 3 வருஷம், எஸ்எஸ்டிக்கு மாடலைப் பொறுத்து 3 அல்லது 5. டப்பா இல்லாமல் வரும் "ட்ரே" பிராசசரில் கூலரும் இராது, வாரன்டியும் கடைக்காரர் வாக்கோடு சரி. இந்தத் தலைவலி வேண்டாம், ஏதாவது ஆனால் வீட்டுக்கு ஆள் வர வேண்டும் என்பவர்கள் பிராண்டட் டவர் வாங்கலாம். அதிலும் பிராசசர் எண், ராம் ஸ்லாட், எஸ்எஸ்டி வகை மூன்றையும் கேட்டே வாங்குங்கள். எல்லாப் பாகமும் திரைக்குள்ளேயே அடங்கிய ஆல் இன் ஒன் பார்க்க அழகு, ஆனால் திரை போனால் எல்லாம் போச்சு.

பணம் கொடுக்குமுன் கடையிலேயே ஆன் செய்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் பிராசசரின் முழுப் பெயர், ராமின் வேகம், எத்தனை ஸ்லாட்டில் இருக்கிறது, டிஸ்க் எந்த வகை என எல்லாம் எழுதியிருக்கும். ராம் 3200 என்று வாங்கியது 2666 என்று காட்டினால் பயாஸில் எக்ஸ்எம்பியை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்கச் சொல்லுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று தெரியும். புதியது என்றால் ஓரிரு மணி நேரம் இருக்கலாம். ஆயிரக்கணக்கில் இருந்தால் அது எங்கோ கழற்றியது.

அடுத்து செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கம். "டிஜிட்டல் லைசென்ஸ்" என்று இருந்தால் நல்லது. "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ்" என்ற பொருளில் ஆங்கில வரி வந்தால் அது அலுவலக முறையை ஏமாற்றி ஏற்றிய திருட்டுப் பிரதி. லைசென்ஸ் காசு கொடுக்க மனமில்லை என்றால் லினக்ஸ் ஏற்றச் சொல்லலாம், அந்தத் திருட்டுக் கருவிகளோடு என்ன சேர்ந்து வரும் என்று யாருக்கும் தெரியாது.

மைக்ரோசாஃப்ட் கணக்கை மட்டும் கடைக்காரரின் மெயிலில் போட விடாதீர்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பை முதன்முதலாக அமைத்து, கணக்கில் நுழைந்ததும் பல சிஸ்டங்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடும். அதன் ரெகவரி கீ அந்தக் கணக்கில் போய் உட்காரும். என்றைக்காவது பயாஸ் அப்டேட் செய்தாலோ மதர்போர்டு மாற்றினாலோ 48 இலக்க எண்ணை நீலத் திரையில் கேட்கும். அந்த எண் உங்கள் கணக்கில் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஒரு போட்டோகூடத் திரும்ப வராது. வீட்டுக்கு வந்து உங்கள் சொந்த மெயிலில் கணக்கைத் தொடங்கி, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, பில்லோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.